உடம்பு வணங்கவில்லையா? சுரப்பி சுரக்கவில்லையா?

"வேலை செய்ய உடம்பு வணங்கலே. அதான் உன் வியாதி. போம்மா!"

இப்படித் தீர்ப்புச் சொன்னார் ஒரு டாக்டர். யாரைப் பார்த்து? பதினெட்டு வருஷமாகப் பஞ்சாலையில் வைண்டிங் இயந்திரத்தின் முன்னால் நின்று நின்று, கால் நரம்பெல்லாம் புடைத்துச் சுருண்டுபோன ஒரு பெண்ணைப் பார்த்து! விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, முதல் ஷிப்டுக்கு ஓடுகிற ஒரு தாயைப் பார்த்து! அவர் என் அக்கா.

அந்த டாக்டரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. டிஸ்பென்சரி எந்த ஊர் என்றும் சொல்லப் போவதில்லை. ஏனென்றால் அவர் ஒருவர் அல்ல. இதைப் படிக்கும் தோழர்களில் பாதிப்பேர், "அட, எங்கள் ஊர் டாக்டரும் இதைத்தானே சொன்னார்!" என்று சொல்லப் போகிறீர்கள். அதனால் ஆளை விட்டுவிட்டு விஷயத்தைப் பார்ப்போம்.

நடந்தது என்ன?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்குச் சோர்வு தட்ட ஆரம்பித்தது. வேலை செய்தால் வருகிற அலுப்பு அல்ல. தூங்கி எழுந்தாலும் தீராத அலுப்பு. பஞ்சாலைக்குள் எவ்வளவு புழுக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். மற்றப் பெண்கள் வேர்த்து வழிய நிற்கும்போது, அக்கா மட்டும் குளிருகிறது என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். தலை வாரினால் மயிர் கொத்துக் கொத்தாக வந்தது. சாப்பாடு குறைந்தது, உடம்போ பெருத்தது. மலச்சிக்கல். மாதவிலக்கு பத்து நாள் நீடித்தது. அறுந்த நூலை முடிபோடக் கை ஓடவில்லை. மேஸ்திரி, "மந்தம்" என்று எழுதி வைத்தார்.

டிஸ்பென்சரிக்குப் போனார். டாக்டர் தலை நிமிரவில்லை. இரும்புச் சத்து மாத்திரை எழுதினார். இரண்டாம் தடவை போனார்; வைட்டமின் எழுதினார். மூன்றாம் தடவை, பக்கத்து வீட்டுப் பெண் சொல்லிக்கொடுத்தபடி, "தைராய்டா இருக்குமோ சார்? ரத்தம் பார்க்கலாமா?" என்று கேட்டார். அப்போதுதான் நான் மேலே எழுதிய தீர்ப்பு கிடைத்தது. அதோடு ஒரு உபரித் தகவலும் கிடைத்தது. "தைராய்டு எல்லாம் வசதியானவங்களுக்கு வர்றது" என்றாராம்!

ஆகா, என்ன ஞானம்! சுரப்பி பாங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் கெட்டுப்போகிறதா?

நாலாம் தடவை நானும் கூடப் போனேன். என்னைப் பார்த்ததும் ஒரே ஒரு பரிசோதனை எழுதினார். டி.எஸ்.எச். என்பது அதன் பெயர். முடிவு 9.2 என்று வந்தது. இயல்பான அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4.5 வரை என்று அந்தச் சீட்டிலேயே அச்சடித்திருந்தது. டாக்டர் பார்த்தார். "கொஞ்சம்தான் கூட. ஒண்ணுமில்லே" என்று சீட்டை மேஜையில் போட்டார். கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. அடுத்த பரிசோதனை எழுதவில்லை. மறுபடி எப்போது வரவேண்டும் என்றும் சொல்லவில்லை.

ஒரு வருஷம் கழித்து அக்கா இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே சரிந்து விழுந்தார். முகம் ஊதி, குரல் ஆண்குரல்போல் கட்டிப்போயிருந்தது. சர்க்கார் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே ஒரு இளம் டாக்டரம்மா. அன்று அவர் முன்னால் நூறு பேர் காத்திருந்தார்கள். ஆனாலும் அவர் அக்காவின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார், எச்சிலை விழுங்கச் சொன்னார், நாடி பிடித்தார், ஒன்பது கேள்வி கேட்டார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று பரிசோதனை எழுதினார். டி.எஸ்.எச். 68!

வருஷக்கணக்காக "உடம்பு வணங்காதவள்" என்று பட்டம் சுமந்த பெண்ணின் உடம்பில் தைராய்டு ஹார்மோன் வற்றிப்போயிருந்தது. இதுதான் உண்மை.

சுரப்பி என்ன செய்கிறது?

தோழர்களே, இது டாக்டர்கள் மட்டுமே அறிய வேண்டிய தேவரகசியம் அல்ல. ரிங் பிரேமும் பம்ப் செட்டும் ஓட்டுகிறவனுக்குப் புரியாத விஷயமும் அல்ல.

முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, பட்டாம்பூச்சி வடிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது தைராய்டு சுரப்பி. அது டி-4, டி-3 என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. உடம்பின் ஒவ்வொரு பகுதியும் எந்த வேகத்தில் ஓடவேண்டும் என்பதை இவைதான் நிர்ணயிக்கின்றன. குறைந்தால் எல்லாமே மந்தம்: இதயம், குடல், புத்தி, மனசு எல்லாம். அதிகமானால் எல்லாமே படபடப்பு: நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும்.

இந்தச் சுரப்பிக்கு மேலே ஒரு மேஸ்திரி உண்டு. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பிதான் அந்த மேஸ்திரி. "டி-4 போதவில்லை, இன்னும் சுரந்து தள்ளு!" என்று அது போடும் அதட்டல்தான் டி.எஸ்.எச். தைராய்டு தளர்ந்தால் அதட்டல் ஏறும். ஆகவே டி.எஸ்.எச். அதிகம் என்றால் தைராய்டு வேலை செய்யத் திணறுகிறது என்று பொருள். முதல் பரிசோதனையாக இதைப் பார்ப்பது சரிதான். அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் மேஸ்திரி போடும் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, உற்பத்தியை எண்ணாமல் போகலாமா? உற்பத்தி எவ்வளவு என்று சொல்வது ஃப்ரீ டி-4 என்ற பரிசோதனை. சுரப்பி ஏன் கெட்டது என்று சொல்வது ஆன்டி டி.பி.ஓ. என்ற பரிசோதனை. உடம்பின் காவல்படையே வழிதவறித் தன் சுரப்பியைத் தாக்கி அழிக்கிறதா என்பதை அது காட்டுகிறது. 1912-ல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் இந்த நோயை விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் அது வழங்குகிறது.

"9.2-தானே, கொஞ்சம்தானே கூட" என்ற டாக்டருக்கு ஒரு பதில் இங்கிலாந்திலிருந்து இருக்கிறது. விக்காம் என்ற இடத்து ஜனங்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். டி.எஸ்.எச். ஏறி, அந்த எதிர்ப்புப் பொருளும் ரத்தத்தில் இருந்த பெண்களில், ஆண்டுதோறும் நூற்றுக்கு நாலு பேருக்கு மேல் சுரப்பி முழுசாகவே செயலிழந்தது. அப்படியானால் டாக்டர் செய்திருக்க வேண்டியது என்ன? ஃப்ரீ டி-4 பார்த்திருக்க வேண்டும். ஆன்டி டி.பி.ஓ. பார்த்திருக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி டி.எஸ்.எச். எடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்க வேண்டும். மூன்றையும் செய்யவில்லை. "ஒண்ணுமில்லே" என்ற ஒரு சொல்லில் ஒரு வருஷத்தைப் பாழாக்கினார்.

மேஸ்திரியே மயங்கி விழுந்தால்?

இதைவிட மோசமான ஒரு நிலை உண்டு. விவசாயத் தொழிலாளி வீட்டுப் பெண்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரசவத்தில் ரத்தம் கொட்டோ கொட்டென்று கொட்டினால், சில பெண்களுக்குப் பிட்யூட்டரிக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போகிறது. 1937-ல் ஷீஹன் என்ற டாக்டர் இதை விளக்கினார். அப்படிப்பட்ட தாய்க்குப் பால் ஊறாது. மாதவிலக்கு திரும்ப வராது. வருஷக்கணக்கில் சோர்ந்து கிடப்பாள். மேஸ்திரியே மயங்கிவிட்டதால் அதட்டல் ஏறாது. டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் "நார்மல்" என்றுகூட வரும்! சத்தம் கேட்கவில்லை என்பதற்காக வேலை நடக்கிறது என்று அர்த்தமா? ஃப்ரீ டி-4 பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். இவர்களுக்குத் தைராய்டு மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனையும் பார்த்துச் சரிசெய்தாக வேண்டும். இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே, பிரசவத்தில் ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போன தாய்மார்களே, எந்த டாக்டரிடம் போனாலும் அதை முதலில் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வசதியானவர்கள் வியாதியா?

இந்தியாவில் எட்டுப் பெரிய நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்து 2013-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சென்னையும் அதில் உண்டு. நூற்றுக்கு ஏறத்தாழ பதினொரு பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு, ஆய்வுக்காக ரத்தம் எடுக்கும் வரை தங்களுக்கு அது இருப்பதே தெரியாது! ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இது எந்த மாளிகைவாசி வியாதி?

"அயோடின் உப்புத்தானே சாப்பிடுகிறாய், உனக்கு எப்படி வரும்?" என்று கேட்பவர்களும் உண்டு. அயோடின் இல்லாமல் இமயமலை அடிவாரத்து ஜனங்கள் கழுத்தில் கழலையோடு திரிந்தது உண்மை. 1956-ல் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி தொடங்கிய ஆராய்ச்சி, உப்பில் அயோடின் சேர்த்தால் அது தீரும் என்று காட்டியதும் உண்மை. சர்க்கார் 1962-ல் கழலை ஒழிப்புத் திட்டம் தொடங்கியதும் உண்மை. ஆனால் ஹஷிமோட்டோ நோய்க்கு உப்பு மருந்தாகாது. மேலே சொன்ன அதே ஆய்வில், நூற்றுக்கு இருபத்தோரு பேருக்கு மேல் அந்த எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருந்தது. உப்புப் பொட்டலத்தைக் காட்டி நோயாளியைத் திருப்பி அனுப்பாதீர்கள், கனவான்களே!

மருந்துதான் கிடைக்காத சஞ்சீவியா? 1891-லேயே இங்கிலாந்தில் முர்ரே என்ற டாக்டர், இந்த நோய் முற்றிய 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்தப் பெண் உடம்பு தேறி, 1919 வரை, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தாள். இன்று அதே ஹார்மோன் சின்னஞ்சிறு மாத்திரையாக வருகிறது. இந்திய சர்க்காரின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. ஒரு நாள் மாத்திரைக்கு ஒரு டீ விலைகூட ஆகாது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஆட்டுச் சாறு காப்பாற்றிய நோயில், இன்று ஒரு பஞ்சாலைப் பெண் சரிந்து விழுந்தாள் என்றால் குற்றவாளி யார்? நோயா, அலட்சியமா?

அவர்கள் சொல்லும் சால்ஜாப்பு

முதல் சால்ஜாப்பு: "எங்களுக்கு நேரம் இல்லை." இதில் உண்மை இருக்கிறது. 67 நாடுகளின் நிலவரத்தைத் தொகுத்து 2017-ல் ஒரு ஆய்வு வந்தது. ஸ்வீடனில் டாக்டர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் சராசரி 22 நிமிஷத்துக்கு மேல். வங்கதேசத்தில் 48 விநாடி! நம் நாடும் அந்தக் கடைசி வரிசையில்தான் நிற்கிறது. டாக்டர் பதவிகளைக் காலியாக வைத்திருப்பவர்களை எதிர்த்து டாக்டரும் நாமும் சேர்ந்து கேட்க வேண்டும். ஆனால் ஒன்று. கழுத்தில் கை வைக்க எத்தனை விநாடி ஆகும்? "உடம்பு வணங்கலே" என்று சொல்ல ஆன நேரத்தில் "ஃப்ரீ டி-4" என்று எழுதியிருக்கலாமே! பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு மட்டும் கடிகாரம் மெதுவாக ஓடியதா?

இரண்டாவது சால்ஜாப்பு: "யார் செலவு?" ஈ.எஸ்.ஐ. தர்மச் சத்திரம் அல்ல. 1948-ல் சட்டம் வந்தது. 1955-ல் கோயம்புத்தூரில் தொடங்கியது. 2019 ஜூலையில் நிர்ணயித்தபடி கணக்குப் பாருங்கள். பதினைந்தாயிரம் ரூபாய் சம்பளத்தில் தொழிலாளியிடம் பிடிப்பது நூற்றுக்கு முக்கால் ரூபாய் வீதம் 112 ரூபாய் 50 காசு. முதலாளி கட்டுவது நூற்றுக்கு மூன்றேகால் வீதம் 487 ரூபாய் 50 காசு. அதுவும் நம் உழைப்பில் விளைந்ததுதான். ஆக மாதம் 600 ரூபாய், வருஷம் 7,200 ரூபாய்! இதில் சில நூறு ரூபாய்ப் பரிசோதனைக்கு இடமில்லையா? விவசாயத் தொழிலாளிக்கு இந்த ஈ.எஸ்.ஐ.யும் கிடையாது. ஆனால் அவன் வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் வரி கட்டுகிறான். சர்க்கார் ஆஸ்பத்திரி அவன் காசிலும்தான் நடக்கிறது.

மூன்றாவது சால்ஜாப்பு: "தேவையில்லாத டெஸ்ட் எல்லாம் கேட்கிறார்கள்." கேட்பதில் முறை வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையும் வேண்டியதில்லை. "முழு உடல் பேக்கேஜ்" என்று பட்டியல் போட்டு, பயமுறுத்திப் பணம் பிடுங்கும் தனியார் லேப்களின் வலையில் விழாதீர்கள். அறிகுறி இருந்தால் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி-4, டி.எஸ்.எச். ஏறியிருந்தால் ஆன்டி டி.பி.ஓ.; படபடப்பும் இளைப்பும் இருந்து டி.எஸ்.எச். இறங்கியிருந்தால் டி-3, கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால் ஸ்கேன். காரணத்தோடு அடுத்தடுத்துப் போவதுதான் முழுமையான பரிசோதனை. ஒன்றும் செய்யாமல் அனுப்புவதும் ஏமாற்று. ஒன்றுக்குப் பத்தாகச் செய்து கறப்பதும் ஏமாற்று.

சோர்வு எல்லாம் தைராய்டு அல்ல என்பதும் உண்மை. ரத்த சோகையாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம். பரிசோதனை சரியாக வந்தால் சந்தோஷம். டாக்டர் அடுத்த காரணத்தைத் தேட வேண்டும். "இல்லை" என்பதையும் ரத்தம் பார்த்துச் சொல்லட்டும், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டாம்.

என்ன செய்ய வேண்டும்?

தோழர்களே, கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். சண்டையும் போடாதீர்கள். இப்படிச் செய்யுங்கள்.

ஒன்று: போகும் முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள். என்ன கஷ்டம், எந்த மாதம் தொடங்கியது, எடை எவ்வளவு ஏறியது, மாதவிலக்கு எத்தனை நாள், வீட்டில் யாருக்காவது தைராய்டு உண்டா, இப்போது சாப்பிடும் மாத்திரை எவை. எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு: தனியாகப் போகாதீர்கள். நான் கூடப் போன அன்றுதான் அக்காவுக்கு முதல் பரிசோதனையே கிடைத்தது. அது என் பெருமை அல்ல, வெட்கக்கேடு! ஆனாலும் அதுதான் நிலைமை.

மூன்று: மரியாதையாக, தெளிவாகக் கேளுங்கள். "சார், இது தைராய்டாக இருக்கலாமா? டி.எஸ்.எச்.சும் ஃப்ரீ டி-4-ம் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால், ஏன் வேண்டாம் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள்." இந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஒரு பலம் உண்டு. வாயால் விரட்டுகிறவர் பேனாவால் விரட்டத் தயங்குவார்.

நான்கு: சீட்டுகளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளியின் ஆவணங்களைத் தரவேண்டும் என்று 2002-ல் வந்த மருத்துவக் கவுன்சில் விதி சொல்கிறது. வேறு டாக்டரிடம் இரண்டாவது யோசனை கேட்கும் உரிமையை, தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம் சொல்கிறது.

ஐந்து: மாத்திரை கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காப்பி, டீ அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் அதோடு சேரக்கூடாது. நாலு மணி நேர இடைவெளி வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பு தேறியதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஆறு: கருவுற்ற பெண்களும், பிறந்த குழந்தைகளும். முதல் மாதங்களில் கருவின் மூளை தாயின் ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. ஏறத்தாழ ஆயிரம் குழந்தைக்கு ஒன்று சுரப்பிக் குறையோடு பிறக்கிறது. குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, முதல் சில வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போல் படிக்கும். விட்டுவிட்டால் ஆயுள் முழுதும் புத்தி மந்தம். பிரசவ வார்டிலேயே கேளுங்கள்.

இது தனி ஆள் கேட்டுத் தீரும் காரியம் மட்டும் அல்ல. ஆலைதோறும், கிராமம்தோறும் நாம் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கைகள் இவை: ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தைராய்டுக்கு ரத்தம் எடுத்து, குறித்த நாளில் முடிவு தர வேண்டும். மாத்திரை தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். காலி டாக்டர் பதவிகளை நிரப்ப வேண்டும். பிறந்த எந்தக் குழந்தையும் பரிசோதனை இல்லாமல் வீடு திரும்பக்கூடாது.

அக்கா இப்போது எப்படி இருக்கிறார்? மாத்திரை தொடங்கி மூன்று மாதத்தில் முகத்து ஊதல் வடிந்தது. ஆறு மாதத்தில் குரல் திரும்பியது. போன வாரம் முதல் ஷிப்டுக்குப் போகும்போது வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, என்னை மந்தம்னு எழுதினாங்களே, அந்தச் சீட்டைத் திரும்ப வாங்க முடியுமா?"

வாங்கத்தான் வேண்டும், தோழர்களே! உழைக்கிறவள் சோர்ந்து வந்து நிற்கும்போது "சோம்பேறி" என்று முத்திரை குத்தியவர்களின் சீட்டு ஒவ்வொன்றையும் திரும்ப வாங்கத்தான் வேண்டும்.